பூட்டு கேட்டால் கலர் காட்டுகிறார்கள்

வாசற்கதவுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்குவது இவ்வளவு எரிச்சலான வேலையாக இருக்கத் தேவையே இல்லை. கடைக்குள் கால் வைத்ததும், "என்ன கலர்ல பாக்குறீங்க?" என்கிறார்கள். ஆன்டிக், ரோஸ் கோல்டு, மேட் பிளாக் என்று சுவர் முழுக்கக் கைப்பிடிகள். கதவு எத்தனை மில்லிமீட்டர் தடிமன்? உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா? நிலை மரமா, இரும்பா? உப்புக்காற்று அடிக்கிற இடமா? ஒருத்தர் வாயிலிருந்தும் இந்தக் கேள்விகள் வருவதில்லை. வீட்டுக்குக் காவலாக மாட்டுகிற சாமானைத் திரைச்சீலை விற்பதுபோல விற்கிறார்கள்.

சரி, நாமே கேட்போம் என்று, பூட்டுக்கு உள்ளே, சரியான சாவிதானா என்று பார்க்கிற குட்டிக் குட்டிப் பின்கள் எத்தனை இருக்கின்றன என்று கேட்டேன். விற்பனையாளர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் 'அல்ட்ரா செக்யூரிட்டி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கம் கைப்பிடியின் நீளமும் நிறமும். எத்தனை பின் என்பது இல்லை, பூட்டிலிருந்து நீண்டு நிலைக்குள் நுழைகிற நாக்கு எவ்வளவு தூரம் வெளியே வரும் என்பது இல்லை, எந்தத் தரச்சான்று என்பதும் இல்லை. "கம்ப்யூட்டர் சாவி சார், யாராலயும் திறக்க முடியாது" என்றார். அந்தச் சாவியில் இருப்பது தட்டைப் பரப்பில் குடைந்த குழிகள். உள்ளே வேலை செய்வது லைனஸ் யேல் 1861-ல் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடுதான். ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கிற சின்னச் சின்னப் பின்கள், சரியான சாவி நுழைந்ததும் ஒரே கோட்டுக்கு வரும், சாவி நுழைகிற உருளையான சிலிண்டர் சுழலும். பின்னும் துளையும் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருக்கின்றன என்பதில்தான் தரம் இருக்கிறது. துளை லேசாகத் தளர்ந்திருந்தால், பின் ஒவ்வொன்றையும் கம்பியால் தூக்கி நிறுத்திவிடலாம். குழி போட்ட சாவி கொடுத்துவிட்டால் அது சரியாகிவிடுமா? 'யாராலும் முடியாது' என்ற பேச்சுக்கு 1851-லேயே பதில் கிடைத்துவிட்டது. திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) பரிசு என்று லண்டனில் பல வருடங்களாகச் சவாலுக்கு வைத்திருந்த பிராமா பூட்டை, ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துகாட்டினார்.

இத்தனைக்கும், வாசலில் உட்கார்ந்து பொறுமையாகக் கம்பி விட்டுக்கொண்டிருக்க எந்தத் திருடனுக்கு நேரம் இருக்கிறது? உதைப்பான். கடப்பாரையைச் சொருகுவான். அப்போது முதலில் போவது பெரும்பாலும் பூட்டு இல்லை. நாக்கு போய் நுழைகிற இடத்தில் நிலைதான் பிளக்கும். அந்த இடத்துக்கு என்ன தருகிறார்கள் என்று பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கையாலேயே வளைத்துவிடக்கூடிய மெல்லிய தகடு, அதைப் பிடிக்க அரை அங்குல ஸ்க்ரூ இரண்டு. நிலையின் மேல்தோலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் ஸ்க்ரூ. ஓங்கி ஓர் உதை விட்டால் தகடு, ஸ்க்ரூ, மரத்துண்டு எல்லாம் சேர்ந்து பெயர்ந்துகொண்டு வரும். நாக்கு மட்டும் கீறல்கூட இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். கனமான தகடு போட்டு, நிலையைத் துளைத்து அதன் பின்னால் இருக்கிற கட்டையையோ சுவரையோ பிடிக்கிற மாதிரி 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ கொடுத்தால் அதே பூட்டு எவ்வளவோ தாங்கும். சுவருக்குப் போவதென்றால், துளைக்குள் ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கிற சரியான பிளக் ஒன்றும் வேண்டும். இதற்கெல்லாம் ஆகிற கூடுதல் செலவு, கைப்பிடியில் பூசுகிற தங்க முலாமைவிடக் குறைவு. அதைத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்!

நாக்கின் நீளமும் அப்படித்தான். பிரிட்டனின் பிஎஸ் 3621 தரம் குறைந்தது 20 மில்லிமீட்டர் வெளியே வர வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் நல்ல டெட்போல்ட் (ஸ்பிரிங் இல்லாத, சாவியோ திருகியோ சுற்றினால் மட்டும் நகர்கிற நாக்கு) என்றால் ஓர் அங்குலம். அளந்து காட்டுங்கள் என்று கேட்டால், ஏதோ அவர் வீட்டுச் சாவியைக் கேட்டதுபோல முகம் போகிறது. சாய்வாக வெட்டிய ஸ்பிரிங் நாக்கு மட்டும் இருக்கிற பூட்டை வாசலுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். மூடிய கதவில் நாக்கு பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும் தடுப்புப் பின் இல்லாத ஸ்பிரிங் நாக்கைக் கதவிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகித் தள்ளிவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

அடுத்தது, கதவின் இரண்டு பக்கமும் ஊடுருவி நிற்கிற சிலிண்டர். அதன் நட்டநடுவில் ஸ்க்ரூ துளை இருக்கும், அங்கேதான் உலோகம் மிகவும் மெலிவு. சிலிண்டர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து நெம்பி ஒடிக்கலாம். வெளித்தகட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது என்பது அடிப்படை விதி. கதவின் தடிமனைக் கேட்காமலே சிலிண்டரை எடுத்துக் கொடுத்தால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்? ஒடிந்தால் வெளித்துண்டு மட்டும் போகிற மாதிரி வெட்டுக்கோடு வைத்த சிலிண்டர்கள் கிடைக்கின்றன. கேட்டு நச்சரித்தால்தான் உள்ளே போய்த் தேடுகிறார்கள்.

கைப்பிடி விஷயம் சுருக்கமாக. கையில் எடுத்தால் கனமாக இருக்கும், முலாம் மின்னும், உள்ளே துத்தநாகக் கலவை. கொஞ்ச காலத்தில் மேல்பூச்சு கொப்புளித்துவிடும். உப்புக்காற்று வீட்டுக்கு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ திடப் பித்தளையோ கேளுங்கள். வெறும் 'ஸ்டீல்' என்று சொன்னால் 316 என்ற அந்த நம்பரைக் காட்டச் சொல்லுங்கள்.

இத்தனையும் தாண்டி நல்ல பூட்டாகவே வாங்கிவிட்டாலும் பொருத்துகிற இடத்தில் கெடுக்கிறார்கள். 35 மில்லிமீட்டர் கதவில், விளிம்பைக் குடைந்து உள்ளே இறக்குகிற மார்ட்டைஸ் பூட்டைப் பருமனாகப் பார்த்து இறக்கினால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது மெல்லிய மரச்சீவல். ஃபிளஷ் கதவில் பூட்டுக்கென்று கட்டை வைத்த பக்கம் எது என்று பார்க்காமல் துளைக்கிறவர்களை என்ன சொல்வது? கட்டை இல்லாத பக்கம் வெறும் கூடு. பூட்டு ஆடத்தான் செய்யும். வெளிப்பக்கம் திறக்கிற கதவில் கீலின் அச்சுக்கம்பி தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதைத் தட்டி எடுத்தால் பூட்டு எதற்கு? அப்புறம் கைரேகைப் பூட்டு. செயலி, கேமரா, மணி ஓசை எல்லாம் இருக்கும். அவசரத்துக்கு வைத்திருக்கும் சாவித் துளையில் என்ன சிலிண்டர் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது இன்னொன்றில். "டபுள் சேஃப்டி" என்று சொல்லி, உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கிற பூட்டைக் குடும்பம் தூங்குகிற வீட்டுக்கு விற்கிறார்கள். தீப்பிடித்துப் புகை நிறைந்தால் கண் தெரியாது, மூச்சு முட்டும், அந்த நேரத்தில் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தேடுவதா? உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திருகித் திறக்கிற வசதியும் வேண்டும், வெளியேயிருந்து உறுதியும் வேண்டும் என்பதற்காகவே பிஎஸ் 8621 என்று ஒரு தரம் வகுத்திருக்கிறார்கள். பூட்டு விற்கிறவர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா, நடக்க முடியாத பெரியவர் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பூட்டுக்கு பில் போட எப்படி மனசு வருகிறது?