டோக்கனில் ஏன் இத்தனை சுமை?

எங்கள் அலுவலகத்தில் ஒருவரால் மட்டும் விடுப்புச் செயலிக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் சரி. ஒருமுறை நுழைந்தால் எல்லாச் செயலிகளுக்கும் போதும் என்கிற ஒற்றை உள்நுழைவுப் பக்கமும் அவரை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் செயலியின் வாசலுக்கு வந்ததும் 400 என்று பிழை. அரை நாள் தேடினோம். பல ஆண்டுகள் பணியாற்றியவர் என்பதால் ஏராளமான குழுக்களில் அவர் பெயர் இருந்தது. அந்தக் குழுப் பெயர்கள் அத்தனையையும் டோக்கனில், அதாவது இவர் யார் என்று உள்நுழைவுப் பக்கம் செயலிக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில், ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். அதைச் சுமந்து வந்த ஹெடர் வரி, அதாவது கோரிக்கையின் தலைப்பு விவர வரி, பெருத்துப்போய், செயலியின் வாசலில் நிற்கும் அப்பாச்சி சர்வர் வாங்க மறுத்துவிட்டது. நாம் மாற்றாதவரை அதன் வரம்பு 8190 பைட்டுகள்தான்.

அந்த டோக்கனைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. நாங்கள் பயன்படுத்தும் ஜேடபிள்யூடி (JWT) வகை டோக்கன் என்பது இரண்டு புள்ளிகளால் பிரிந்த மூன்று துண்டுகள். நடுத்துண்டு வெறும் பேஸ்64 எழுத்துமாற்றம். அதில் பூட்டு எதுவும் இல்லை. யாராவது திருத்தினால் கடைசித் துண்டான கையொப்பம் காட்டிக்கொடுக்கும், படிப்பவரைத் தடுக்காது. அதில் அவருடைய பிறந்த தேதி, மேலாளர் பெயர், ஊதியப் படிநிலை எல்லாம் வரிசையாக இருந்தன. விடுப்புக் கேட்கும் செயலிக்கு ஊதியப் படிநிலை எதற்கு? எப்போதோ ஒரு செயலிக்காகச் சேர்த்ததை எல்லாச் செயலிகளுக்கும் வாரி வழங்கியிருக்கிறோம். பதிவுக் கோப்புகளிலும் அது அப்படியே கிடந்தது.

அதிகாரத்தை டோக்கனில் எழுதி அனுப்புவதையும் நான் ஏற்கமாட்டேன். டோக்கனுக்குத் தெரிவது அது எழுதப்பட்ட நேரத்து நிலவரம் மட்டுமே. எட்டு மணி நேரம் செல்லும் டோக்கனைக் காலையில் வாங்கியவரின் ஒப்புதல் உரிமையைப் பத்து மணிக்குப் பறித்தாலும், டோக்கனை மட்டும் நம்பும் செயலியில் மாலைவரை அவர் ஒப்புதல் கொடுத்துக்கொண்டே இருப்பார். பணம் நகரும் இடத்தில் அந்தந்தக் கணத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. 2014இல் வெளியான, உள்நுழைவுக்கான தரநிலையான ஓப்பன்ஐடி கனெக்டிலேயே பயனர் விவரத்தைத் தனியாகக் கேட்டுப் பெற ஒரு முகவரி உண்டு.

மின்னஞ்சலை அடையாளமாக வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! விலகிப் போனவரின் முகவரி புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைத்தால், பழையவரின் கோப்புகள் அவருக்குத் திறந்துவிடும். டோக்கனைக் கொடுத்த வழங்குநரையும், பயனருக்கு அவர் தரும் 'சப்' (sub) என்ற அடையாளக் குறியையும் சேர்த்தே ஆளை அறிய வேண்டும் என்று அந்தத் தரநிலை தெளிவாகவே சொல்கிறது.

இன்னொன்று, பெயர். குடும்பப் பெயர் இல்லாதவர்களும் உண்டு என்று அதே தரநிலை குறிப்பிடுகிறது. பிறகும் அந்தப் புலத்தைக் கட்டாயமாக்கி, அப்பாவின் பெயரைப் பிடித்து அதில் போட்டு, "அன்புள்ள" என்று அப்பாவின் பெயர் சொல்லி நம்மை அழைக்கும் செயலிகள் எத்தனை! முதலெழுத்தோடு வாழும் நமக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

சென்ற வாரம் குழுப் பட்டியலையும் பிறந்த தேதியையும் ஊதியப் படிநிலையையும் டோக்கனிலிருந்து நீக்கினோம். குழுப் பட்டியல் இல்லாமல் இரண்டு செயலிகள் தடுமாறின, சரிசெய்தோம். ஊதியப் படிநிலையைக் காணோம் என்று இன்றுவரை ஒரு செயலியிலிருந்தும் புகார் வரவில்லை.