ஐஜிஜி பாசிட்டிவ் வந்துவிட்டால் டெங்கு வராதா?

மகனின் லேப் ரிப்போர்ட்டைப் போட்டு, "டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ், எதிர்ப்பு சக்தி வந்தாச்சு, இனி பயமில்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார் அல்லவா, அதைப் பற்றித்தான். "இரண்டாவது முறைதான் அதிகக் கவனம் வேண்டும்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். "நல்ல விஷயத்தில் அபசகுனமாகப் பேசாதீங்க" என்று பதில் வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஐஜிஜி என்பது தொற்று வந்து போன பிறகும் ரத்தத்தில் தங்கும் ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம். ஆன்டிபாடி இருப்பது வேறு, பாதுகாப்பு இருப்பது வேறு. டெங்கு வைரஸில் நான்கு வகை. வந்து போன வகை மறுபடி தாக்குவது அரிது. மற்ற மூன்றுக்கும் அந்தக் காவல் சில மாதங்கள்தான். அப்புறம் அளவு இறங்கிவிடும். அந்த நேரம் வேறு வகை உள்ளே வந்தால், பழைய ஆன்டிபாடி அதைப் பிடிக்கும், ஆனால் அடக்காது. பிடித்தபடியே நம் வெள்ளையணுக்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வைரஸ் அங்கேயே பெருகும். நிகரகுவாவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-ல் வந்தது. ஆன்டிபாடி நிறைய இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற கணக்கில் 1:21 முதல் 1:80 வரை, நடுவாந்தரமாக இருந்தவர்களுக்குத்தான் தீவிர டெங்கு ஆபத்து கூடுதல், அறவே இல்லாதவர்களைவிடவும். பாசிட்டிவ் என்ற ஒற்றை வார்த்தையில் இது எதுவும் தெரியாது.

"ஹெபடைடிஸ் பி-க்கு ஆன்டிபாடி அளவு 10 இருந்தால் போதும் என்கிறார்களே?" சரி, ஊசி போட்ட பிறகு பார்க்கும் அந்த 10 உண்மைதான். அது வேறு வைரஸ். "நீங்கள் தடுப்பூசிக்கு எதிரியா?" என்றும் கேட்டார்கள். என் மகளுக்கு ஒரு ஊசி தவறியதில்லை. இதற்கு மேல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

"இரண்டாவது முறை வந்த எல்லாரும் சாகிறார்களா?" இல்லை. பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். என் தம்பிக்கு 2012-ல் திருநெல்வேலியில் வந்தது, நாலு நாள் காய்ச்சலோடு போனது. 2017-ல் மறுபடி காய்ச்சல் என்றபோது அம்மா சொன்னது இதே வார்த்தைதான்: "அவனுக்குத்தான் ஏற்கெனவே வந்துட்டுப் போயிடுச்சே." ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ரசம் சாதம் பிசைந்து கொடுத்தோம். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பாதத்தைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் என்று ஐசியு வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அம்மா இன்றைக்கும் அவனுக்கு ரசம் ஊற்றும்போது ஒரு நிமிடம் நின்றுவிடுவாள்.

அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், நான் அபசகுனம் பேசுகிறேன் என்று.

அந்தப் பதிவைப் போட்டவர் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க, தேதியோடு ஃபைலில் வையுங்க. பையனுக்கு அடுத்து எப்போது காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்க. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியோ விடாத வாந்தியோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று இன்றைக்கே பாருங்க.