கத்தார் ஆட்டத்தை எப்படி மறப்பது?
1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வென்ற தங்கத்தோடு இந்தியக் கால்பந்து அணியின் கதை முடிந்துவிட்டது, அதன்பின் நினைவில் நிற்க ஒன்றுமில்லை என்று இங்கே வந்துள்ள கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தங்கம் நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. என் தலைமுறை ரசிகர்கள் சேர்த்துவைத்திருப்பது வேறு. 2019 செப்டம்பரில் தோஹாவில், அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரோடு ஆடிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றே போதாதா? உடல்நலமின்றி அணித்தலைவர் சுனில் சேத்ரி ஆடவில்லை. கத்தார் வீரர்கள் அலையலையாக வந்தார்கள். கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து பாய்ந்தும் விழுந்தும் பந்தைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நிமிடங்களில் தொலைக்காட்சி முன் என்னால் உட்கார முடியவில்லை. கோலின்றி ஆட்டம் முடிந்தபோது கண் கலங்கிவிட்டது. சேத்ரி இல்லாவிட்டால் இந்த அணியை யார் பார்ப்பார்கள் என்று கட்டுரையின் கருத்துப் பகுதியில் கேட்டிருக்கும் நண்பருக்கும் இதுவே என் பதில். அடுத்த மாதமே கொல்கத்தாவில், தரவரிசையில் வெகு கீழே இருந்த வங்கதேசத்திடம் தோற்கப் பார்த்தோம். 88-ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை ஆதில் கான் தலையால் முட்டி 1-1 ஆக்கினார். நிரம்பி வழிந்த மைதானத்தில் அப்படி ஆடினார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. நவம்பரில் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் ஆப்கானிஸ்தானோடும் ஆட்டம் முடியும் தறுவாயில்தான் சமன் செய்தோம்; அதையும் விடாமல் பார்த்தேன்.