வீடு கேட்டால் தெருவைக் கேட்கிறார்கள்

சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கட்டும், அது நியாயம். ஆனால் "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, தென்காசிப் பக்கம் என்றதும் "அங்க எந்த ஊர்? ஊர்ல எந்தத் தெரு?" என்று துருவிக்கொண்டே போவது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்க வாய் வராமல் தெருவைக் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு வீட்டுக்காரர் நான் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே பாதி திறந்திருந்த கிரில் கேட்டைச் சாத்தி, கொண்டியில் கை வைத்தபடியே பேசி அனுப்பினார். கீழே வந்ததும் புரோக்கர், "தப்பா எடுத்துக்காதீங்க சார், சைவக் குடும்பம்தான் வேணுமாம்" என்றார். நான் என்ன சாப்பிடுவேன் என்று அங்கே யாருமே கேட்கவில்லையே!

சரி, சென்னைதான் இப்படி என்றால் மற்ற ஊர்களும் இதில் குறைவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நாள் முழுக்க உழைக்கிறவர்களை எங்கள் பக்கத்து ஆட்களே 'வடக்கன்' என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள், ஒரே அறையில் ஏழெட்டுப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகையும் வாங்கிக்கொள்கிறார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது அவர்கள் எவ்வளவு பயந்துபோனார்கள்! தினமும் இப்படி ஏச்சு வாங்குகிறவர்கள் அதை நம்பியதில் என்ன ஆச்சரியம்?

ஒன்றாம் தேதி வாடகை கொடுக்கிறேன், அட்வான்ஸும் தருகிறேன். தெருப் பெயரை மட்டும் இனி எவரிடமும் சொல்வதாக இல்லை.