"கூடப் போய்விட்டு வா" என்பது பயிற்சி ஆகாது

மயக்கவியல் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஓர் இரவு, தலையில் அடிபட்டு, மூச்சுக்குழாயில் டியூப் போடப்பட்டிருந்த ஒரு நோயாளியை, மூளை அறுவைச் சிகிச்சை வசதியுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி என்னிடம் சொன்னார்கள். "கூடப் போயிட்டு வந்துடும்மா, ரெண்டு மணி நேரந்தான்" என்பதைத் தவிர வேறு எந்த அறிவுரையும் எனக்குக் கிடைக்கவில்லை. பாதி வழியில், சுங்கச்சாவடியைத் தாண்டிய சற்று நேரத்தில், வென்டிலேட்டர் நின்றுவிட்டது. ஆக்சிஜன் தீர்ந்திருந்தது. மாற்றுச் சிலிண்டர் நிறைந்த நிலையில் என் காலடியிலேயே கிடந்தது. அதைத் திறக்கும் சாவிதான் வண்டியில் இல்லை. நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடை ஒன்றின் முன் வண்டியை நிறுத்தி, உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, ஓட்டுநர் ஒரு ஸ்பேனர் வாங்கி வரும்வரை, வெறும் காற்றை அம்பு பேக்கால் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டே, மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 98-இலிருந்து 86-க்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனாலும், மூளைக் காயத்தில் ஒரே ஒரு முறை ஆக்சிஜன் குறைந்தாலும் ரத்த அழுத்தம் சரிந்தாலும் பின்விளைவு மோசமாகலாம் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த நிமிடங்கள் சாதாரணமானவை அல்ல என்பது புரியும்.

10 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிலிண்டரின் அளவுமானி 60 பார் அழுத்தம் காட்டினால், உள்ளே ஏறத்தாழ 600 லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவானால் அது ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். பயணமோ இரண்டு மணி நேரம். வழியில் ரயில்வே கேட்டோ போக்குவரத்து நெரிசலோ குறுக்கிடலாம் என்பதால், கணக்கிட்டதைப் போல் இரு மடங்கை வண்டியில் ஏற்ற வேண்டும். வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் இணைக்கும் பாயில் விதியை முதலாண்டுத் தேர்வில் பிழையில்லாமல் எழுதியவள் நான். நோயாளியின் டிராலிக்கு அருகே நின்று அந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அறுவை அரங்கில் நமக்கு எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருக்கும். குரல் கொடுத்தால் ஆள் வரும். ஓடும் ஆம்புலன்ஸில் சைரன் சத்தத்துக்கு நடுவே ஸ்டெத்தாஸ்கோப்பில் எதுவும் கேட்காது. ஆகவே வெளிமூச்சின் கரியமில வாயுவை அளந்து, டியூப் நழுவியதை உடனே காட்டிக்கொடுக்கும் கேப்னோகிராஃப் கருவியின் அலை அங்கே கட்டாயம் வேண்டும். 2011-இல் பிரிட்டனில் வெளியான மயக்கவியல் துறையின் நான்காவது தேசியத் தணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சுப்பாதைச் சிக்கல்களால் நேர்ந்த இறப்புகளிலும் நிரந்தர மூளைப் பாதிப்புகளிலும் பெரும்பகுதிக்கு, இக்கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று கண்டது. அசையாத கட்டிலிலேயே நிலைமை அதுவென்றால், 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையிலிருந்து இறங்கும் வண்டியில் எப்படி இருக்கும்? அங்கே இரண்டாவது நரம்பூசி போடுவதும் நழுவிய டியூபை மீண்டும் செலுத்துவதும் பெரும்பாடு. செய்ய வேண்டியதையெல்லாம் புறப்படுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008-இல் 108 சேவை வந்த பிறகு வண்டி கிடைப்பது எவ்வளவோ எளிதாகிவிட்டது. அவ்வண்டிகளின் தொழில்நுட்பர்களிடம் மயக்கவியல் மாணவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். எந்தப் பலகையில் எது இருக்கிறது என்பது இருட்டிலும் அவர்களுக்குத் தெரியும்.

என்னை இன்னும் அதிகமாக உறுத்துவது மற்றொன்று. சில நாடுகளில், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பெரிய மருத்துவமனையின் பயிற்சி பெற்ற குழுவே சிறிய மருத்துவமனைக்குச் சென்று, அங்கேயே நிலைப்படுத்தி, நோயாளியை அழைத்து வருகிறது. நம்மிடமோ பெரும்பாலும் அனுப்புகிறவரே ஆளையும் தேட வேண்டும். ஒரு வட்ட மருத்துவமனையில் இரவுப் பணியிலிருக்கும் ஒரே மயக்கவியல் மருத்துவர் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டால், அவசர சிசேரியனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அழைத்து வரும் குழுக்களை மாவட்டந்தோறும் அமைக்கக் காலமும் பணமும் ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக்கு அந்த அளவு செலவு கிடையாது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஏ.எல்.எஸ்.ஜி. (Advanced Life Support Group) என்ற மருத்துவப் பயிற்சி அமைப்பு, நோயாளியை இடம் மாற்றுவதற்கென்றே தனிப் பயிற்சி நடத்துகிறது. மதிப்பிடுதல், பொறுப்பாளரை முடிவுசெய்தல், தகவல் பரிமாறுதல், அனுப்பத்தான் வேண்டுமா என மறுபடி யோசித்தல், ஆயத்தம், பயணம் என்ற வரிசையைப் பழக்குகிறார்கள். நம் கல்லூரி வளாகத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் ஓர் ஆம்புலன்ஸும், மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் பயிற்சிப் பொம்மையும், மூத்தவர் ஒருவரின் ஒரு பிற்பகலும் இதற்குப் போதும்.

துறைத் தலைவர்களிடம் நான் கேட்பது இதுதான்: முதுகுத்தண்டு மயக்க ஊசியை முதல்முறை தனியாகப் போட மாணவரை நாம் விடுவதில்லை, நோயாளி மாற்றத்துக்கும் முதல் ஐந்து பயணங்களுக்காவது ஒரு மூத்தவர் உடன் செல்லட்டும், அவை மாணவரின் செயல்முறைப் பதிவேட்டில் கையெழுத்தோடு ஏறட்டும். சி.டி. ஸ்கேனுக்காக இரண்டு மாடி இறங்குவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் நடுவில் நின்றாலும் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.