நீங்க எந்தப் பிள்ளை?

போன வாரம் செம்பூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் பெயர் கேட்டார், சொன்னேன். சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டே அடுத்த கேள்வி: "பிள்ளைன்னா... சைவப் பிள்ளையா, கார்காத்தாரா?"

மும்பையில் இதைத் தமிழர்கள்தான் கேட்கிறார்கள். மராத்திக்காரர்களுக்குப் பிள்ளை என்றால் ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை. பக்கத்துப் புனேயில், கட்கியில் பிறந்தவர். நாலு ஒலிம்பிக் ஆடியவர். 1998 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கேப்டன். "உங்க சொந்தமா?" என்பார்கள். இல்லை என்றால் முகம் வாடிவிடும். (பள்ளி நாட்களில் ஒன்றிரண்டு பேரிடம் ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.)

பந்தியில் கேட்டவருக்கு வேண்டியது சாதி. இந்தப் பெயரை வைத்து அதைப் பிடிக்கவே முடியாது. கப்பலோட்டிய வ.உ.சி. வேளாளர். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். 1984ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்ற தகழி சிவசங்கரப் பிள்ளையோ கேரளத்து நாயர். மூன்று பேருக்கும் ஒரே பட்டம். ஊர் அவர்களை ஒரே பந்தியில் உட்காரவிட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

சொல்லுக்கு என்னவோ குழந்தை என்றுதான் பொருள். தொல்காப்பியத்தில் பறவைக் குஞ்சுக்கும் அதுதான் பெயர். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்கிறோம். தென்னங்கன்றை யாரும் எந்தப் பிள்ளை என்று விசாரிப்பதில்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பட்டம் ஒருமுறை செத்துப் பிழைத்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள் அல்லவா, அந்தக் காற்றில் தாத்தா விட்டுவிட்டார். வெறும் இனிஷியலோடு பம்பாய் வந்த அப்பாவிடம் ஒரு கவுண்டரில் "ஆட்நாவ்?" என்றிருக்கிறார்கள். மராத்திக் கணக்கில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் (அதுதான் ஆட்நாவ்) என்று மூன்று கட்டம். மூன்றாவதற்கு எழுத ஒன்றும் இல்லை. தாத்தா தூக்கிப் போட்டதை எடுத்து எழுதிவிட்டார்.

அதிலும் வம்பு. ஆங்கிலத்தில் எழுதும்போது, தென்னாப்பிரிக்க நீதிபதி நவி பிள்ளை போல அப்பாவுக்குக் கடைசி எழுத்து ஒய்; என் சான்றிதழில் ஐ. "ஒய்யா, ஐயா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் முத்திரைத்தாளில் அஃபிடவிட் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

அதனால் மகளுக்கு இரண்டாவது கட்டத்திலும் மூன்றாவது கட்டத்திலும் என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். இப்போது வகுப்பில் பேசினால் டீச்சர் என் பெயரைச் சொல்லித்தான் அதட்டுகிறாராம். வீட்டுக்கு வந்து என்னை முறைக்கிறாள்.