சொந்தமா ஒரு கால் மணி நேரம்

நடிப்புப் பள்ளியில மூணு வருஷம் படிச்சு முடிக்கிற பிள்ளைங்களுக்குக் கடைசிப் பரீட்சை என்னவா இருக்கணும்னு என்கிட்ட யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். வெளியூர்ல இருந்து பெரிய டைரக்டரைக் கூட்டிட்டு வந்து, பெரிய நாடகமா ஒண்ணை எடுத்து, ஆளுக்கு ஒரு வேஷம் குடுத்து மேடையேத்தி அனுப்பறாங்க இல்ல, அது நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா அது போதாதுங்க. தானே யோசிச்சு, தானே எழுதி, எழுதினதைத் தானே கிழிச்சுப் போட்டு, மறுபடி எழுதி, தானே நின்னு நடிக்கிற ஒரு சின்னப் படைப்பு, கால் மணியோ அரை மணியோ, அது இல்லாம ஒரு நடிகரை வெளிய விடக்கூடாது. இதுதான் என் கட்சி.

சும்மா ஆசைக்குச் சொல்லல, நடக்குற இடம் இருக்கு. சிங்கப்பூர்ல இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட், சுருக்கமா ஐடிஐ (ஊர்ல ஃபிட்டர் வெல்டர் படிக்கிற ஐடிஐ இல்ல, ஆனா இங்கயும் கை கால் முட்டி எல்லாம் தேயும்). 2000ல நாடகக்காரங்க குவோ பாவ் குன்னும் டி. சசிதரனும் சேர்ந்து ஆரம்பிச்சது, அப்ப பேரு வேற. மூணு வருஷம் முழுநேரப் படிப்பு. கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம், ஜப்பானோட நோ, பெய்ஜிங் ஓபரா, ஜாவாவோட வயாங் வோங்னு நாலு மரபையும் அந்தந்தக் கலையில ஊறின ஆசான்களே வந்து சொல்லிக் குடுக்கறாங்க, அது ஒரு பக்கம் ஓட இன்னொரு பக்கம் இப்பத்திய நடிப்புப் பயிற்சியும் ஓடும். பல நாட்டுப் பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு தாய்மொழி. இத்தனையும் போட்டு அரைச்சுட்டு, கடைசி வருஷத்துல ஃபைனல் இயர் இண்டிவிஜுவல் ப்ராஜெக்ட்னு ஒண்ணு வைக்கறாங்க. அதாவது நீ இவ்வளவு நாள் கத்துக்கிட்டதை எல்லாம் ஓரமா வச்சுட்டு, உனக்குன்னு சொல்றதுக்கு என்ன இருக்குன்னு காட்டு.

குவோ பாவ் குன் யாருன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன், ஏன்னா இந்தப் பரீட்சைக்குப் பின்னாடி இருக்கறது அந்த மனுஷனோட புத்திதான்னு நினைக்கறேன். சிங்கப்பூர் நாடகாசிரியர், டைரக்டர். 1976ல உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல பிடிச்சு விசாரணையே இல்லாம நாலு வருஷத்துக்கு மேல உள்ள வச்சாங்க, குடியுரிமையையும் பிடுங்கினாங்க, அது திரும்பக் கிடைச்சது 1992ல. அதுக்கு நடுவுல மனுஷன் என்ன பண்ணார்னா, 1988ல ஒரு நாடகம், காணாம போன பூனையைத் தேடுற ஒரு அம்மாவைப் பத்தி, நடிகர்களோட உக்காந்து பேசிப் பேசியே உருவாக்கினது. மேண்டரின், ஹொக்கியன், மலாய், இங்கிலீஷ், தமிழ்னு மேடையில எல்லா பாஷையும் ஓடும். பெத்த பிள்ளைங்களுக்கே அந்த அம்மா பேசற ஹொக்கியன் புரியாது, ஆனா தமிழ் மட்டுமே பேசற ஒரு வயசானவர் வருவார், அவரும் தன் பூனையைத் தேடிட்டு இருப்பார், ரெண்டு பேரும் கையக் காலை ஆட்டிப் பேசிக்குவாங்க, அவங்களுக்குள்ள எல்லாம் புரிஞ்சுடும். இந்த ஊரு நாடகத்துல இப்படி நம்ம பாஷை வந்து உக்காந்த இடம் எத்தனை தமிழருக்குத் தெரியும்னு எனக்கு சந்தேகம்தான். 1990ல ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய துணை மின் நிலையத்தை எடுத்து சப்ஸ்டேஷன்னு கலைக்கூடமா மாத்தினதும் அவர்தான். ஐடிஐயோட முதல் பேட்ச் வெளிய வரதுக்குள்ளயே 2002ல போயிட்டார். சுமாரான வெற்றியை விட மதிக்கத்தக்க தோல்வி மேல்னு அவர் சொன்னது இந்த ஊரு நாடகக்காரங்க எல்லாருக்கும் மனப்பாடம்.

சரி, விஷயத்துக்கு வரேன். ஏன் சொந்தமா பண்ணணும்? நடிகர் வேலை நடிக்கறதுதானே, எழுத ஒருத்தர், டைரக்ட் பண்ண ஒருத்தர்னு இருக்கும்போது இவர் ஏன் எல்லாத்துலயும் கை வைக்கணும்னு கேக்கறவங்க உண்டு. நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். டைரக்டர் சொல்லி நடிக்கும்போது, இந்த இடத்துல ஏன் திரும்பறோம், ஏன் நிக்கறோம்னு ஒரு காரணத்தை அவர் கையில குடுத்துடுவார், நீங்க அதை உடம்புல ஏத்தினா போதும். சொந்தமா பண்ணும்போது அந்தக் காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கணும், அதை விடக் கஷ்டம், காரணம் இல்லாததை நீங்களே தூக்கணும். மூணு மாசம் உழைச்ச ஒரு சீனை, நல்லாத்தான் இருக்கு ஆனா இங்க வேணாம்னு எடுக்கறது, பெத்த பிள்ளைக்குத் தானே ஊசி போடற மாதிரி. அதை ஒரு தடவை பண்ணவன் அப்புறம் எந்த டைரக்டர்கிட்ட போனாலும் வேற மாதிரிதான் நிப்பான்.

ஒரு மாணவன் இப்படித் தனியா பண்ணினது ஒண்ணு பாத்தேன், அதைச் சொன்னா புரியும். சின்ன பிளாக் பாக்ஸ் அரங்கு, செட்டுன்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு குட் மார்னிங் டவல். சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், காப்பிக்கடை அங்கிள் தோள்ல கிடக்குமே, ஓரத்துல நீலக் கோடு, சிவப்பு எழுத்து, அந்தத் துண்டு. அந்தப் பையன் துண்டைத் தோள்ல போட்டா அப்பா. அதையே எடுத்து இடுப்புல ஒரு நுனியைச் சொருகினா அம்மா. அவ்வளவுதான், குரல் கூட பெருசா மாத்தல. கூடியாட்டம் தெரிஞ்சவங்க உடனே பிடிச்சுடுவாங்க, அதுல பகர்ந்நாட்டம்னு சொல்வாங்க, வேஷம் கலைக்காம ஒரே நடிகர் இன்னொரு பாத்திரமா மாறிக்கறது. கைலாசத்தைத் தூக்கற ராவணன் இருக்கார் இல்ல, அதே ராவணன் வேஷத்துலயே நின்னுக்கிட்டு சிவனும் பார்வதியும் சண்டை போடறதையும் நடிச்சுக் காட்டுவார், துணி நுனியை இடுப்புல சொருகினா பார்வதி, எடுத்துவிட்டா மறுபடி ஆம்பளை. நூற்றாண்டு நூற்றாண்டா கேரளத்துக் கோயில் அரங்கான கூத்தம்பலத்துல மிழாவு மேளச் சத்தத்துக்கு நடுவுல நடந்துட்டு இருக்கற விஷயம், அது இங்க ஒரு காப்பிக்கடைத் துண்டுல வந்து உக்காந்துருச்சு. யாரும் அவனுக்கு இப்படிப் பண்ணுன்னு சொல்லியிருக்க முடியாது. அப்பா அம்மா வாய்ச்சண்டை ஏற ஏற துண்டு தோளுக்கும் இடுப்புக்கும் வேகமாப் போயிட்டு வருது, ஒரு கட்டத்துல கை நடுவுல நின்னுருச்சு, தோளுக்கும் போகல இடுப்புக்கும் போகல, துண்டைப் பிடிச்சுக்கிட்டு பிள்ளையா நிக்கறான். எனக்குப் பக்கத்துல இருந்தவர் மூக்கை உறிஞ்சறார், ஏசி குளிருன்னு வச்சுக்கலாம்.

அதோட முடிச்சிருக்கலாம். முடிக்கல! லைட் மாறி ஸ்பீக்கர்ல வாய்ஸ் ஓவர் ஆரம்பிச்சுது, என் பெற்றோரின் மௌனம் எனக்குள் ஏற்படுத்திய வடுங்கற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு உரை. அட ராமா, இப்பத்தானேப்பா அதைக் காட்டின. கடுப்பாச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா இந்தத் தப்பைப் பண்ண வேண்டிய இடமும் இதுதான். டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டு ஷோ பண்ணும்போது பண்றதை விட, ஆசான்களும் கூடப் படிச்சவங்களும் சுத்தி உக்காந்திருக்கும்போது பண்றது நல்லது. அடுத்த தடவை அவனே அந்த ரெக்கார்டிங்கைத் தூக்கிடுவான், தூக்கலைன்னா அவன் விதி.

இன்னொரு குறையும் சொல்லிடறேன், இது ஒரு ஸ்கூலைப் பத்தி இல்ல, எந்த ஊருல மாணவர்கள் தனியா பண்ற படைப்பைப் பாத்தாலும் எனக்கு வர சலிப்பு. எல்லாரும் பாட்டியைக் கூட்டிட்டு வந்துடறாங்க. பாட்டியோட புடவை, பாட்டியோட பெட்டி, பாட்டி பேசின பாஷை எனக்கு வரலயே, நான் யாரு. பாட்டி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, என் பாட்டியையும் எனக்குப் பிடிக்கும். ஆனா சொந்தப் படைப்புன்னா சொந்தக் கதைதான்னு யார் சொன்னது? இருபத்தி சொச்சம் வயசுல உங்களுக்குக் கோவம் வர விஷயம் வேற எதுவுமே இல்லையா, வாடகை, விசா, சம்பளம், உங்க ஊரு அரசியல், உங்களை ஏமாத்தின ஏஜென்ட்? அடுத்தவன் தோலுக்குள்ள போறதுக்குத்தானே மூணு வருஷம் முட்டியைத் தேச்சீங்க. தன்னைப் பத்தியே பேசினா யாரும் அது பொய்னு சொல்ல முடியாது, அந்தப் பாதுகாப்புதான் பிரச்சனை. அந்தத் துண்டுப் பையன் கதையும் குடும்பக் கதைதான், ஆனா அவன் தன்னை நடிக்கல, அவங்க ரெண்டு பேரை நடிச்சான், வித்தியாசம் அங்கதான் இருக்கு.

நம்ம ஆளுங்களைப் பத்தியும் பேசணும். பள்ளிக்கூட நாடகம்னா மாமா மச்சான் சித்தப்பான்னு வண்டி கட்டிட்டு வந்து செல்ஃபோன்ல வீடியோ எடுப்போம். சிங்கப்பூர் ரவீந்திரன் நாடகக் குழு மாதிரி ஆளுங்க பள்ளிப் பிள்ளைங்களை வச்சு பத்தே நிமிடம்னு குறுநாடகம் போட்டப்ப ஹால்ல கைதட்டல் காதைப் பிளக்கும். ஆனா படிப்பா எடுத்துப் படிச்சு முடிக்கிற ஒரு நடிகர் தனியா நிக்கிற இடத்துக்குப் போற தமிழ் முகத்தை விரல் விட்டு எண்ணிடலாம். என் மாமா ஒருத்தர் இருக்கார், நாடகப் பைத்தியம், ஆனா இவரை இப்படி ஒரு தனி ஷோவுக்குக் கூட்டிட்டுப் போனா வெளிய வந்ததும் முதல் கேள்வி, கதை என்னப்பா? கதை இல்ல மாமா, அந்தம்மா தண்ணி ஊத்திட்டே இருந்தாங்க இல்ல, அதைப் பாத்து உங்களுக்கு என்ன தோணுச்சுன்னா, தண்ணி வேஸ்டாகுதேன்னு தோணுச்சுங்கறார். அதுவும் ஒரு விமர்சனம்தான், அந்தப் பொண்ணுகிட்ட நேரா போய்ச் சொல்லுங்கன்னு தள்ளிவிட்டேன், சொன்னார், அவளும் சிரிக்காம கேட்டுக்கிட்டா. ரொம்பப் புகழ்ந்தவங்களை விட மாமாகிட்டதான் அவ அதிக நேரம் பேசிட்டு இருந்தா.

ஊர்ல இருக்கற நண்பர்கள் கேப்பாங்க, இதெல்லாம் சோறு போடுமான்னு. தமிழ்நாட்டுல நடிப்புக் கத்துக்கிட்டவனுக்குப் பாதை ஒண்ணுதான், சினிமா சான்ஸ். 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறையில அத்தனை வருஷம் அத்தனை நாடகம் நடந்திருக்கு, ஆனா ஜனங்களுக்குத் தெரிஞ்சது பசுபதி அங்க இருந்து வந்தார், கலைராணி அங்க இருந்து வந்தாங்கங்கறது மட்டும்தான். சினிமா தப்புன்னு சொல்ல நான் யாரு, அவங்க நடிப்பை நானும் வாய் பிளந்து பாத்தவன்தான். ஆனா சான்ஸ் வர வரைக்கும் என்ன பண்றது? ஆல்பத்தைத் தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கற பையன்கிட்ட சொந்தமா ஒரு கால் மணி நேரம் இருந்தா, அதை மொட்டை மாடியில பண்ணலாம், காலேஜ்ல பண்ணலாம், யாரோட அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

அனுமதின்னதும் ஞாபகம் வருது, சிங்கப்பூர்ல அது அவ்வளவு லேசு இல்ல, பொதுமக்களுக்கு நடத்தறதுன்னா ஊடகத்தைக் கவனிக்கிற அரசு ஆணையமான ஐஎம்டிஏகிட்ட லைசென்ஸ் வாங்கணும், ஸ்கிரிப்ட் முன்னாடியே போகணும். 1994ல ஸ்கிரிப்ட் இல்லாத பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டுக்கும் பாக்க வந்தவங்களே மேடையேறிக் கதையை மாத்தற ஃபோரம் தியேட்டருக்கும் அரசு மானியமே கிடையாதுன்னு சொல்லி கிட்டத்தட்ட பத்து வருஷம் அப்படியே வச்சிருந்தாங்க. ரிகர்சல்ல தினம் மாறிக்கிட்டே இருக்கற ஒரு படைப்பை காகிதத்துல எழுதி அதிகாரி மேசைக்கு அனுப்பறதும் ஒரு வித்தைதான், அதையும் படிக்கும்போதே கத்துக்கறது நல்லதுதானே.

ஐடிஐ பிள்ளைங்க படிச்சு முடிச்சதும் பாதிப் பேரு அவங்கவங்க நாட்டுக்குக் கிளம்பிடுவாங்க. பெரிய நாடகத்துல நடிச்ச வேஷத்தைக் கையில எடுத்துட்டுப் போக முடியாது, அதுக்கு இன்னும் பத்து பேரு, செட்டு, லைட்டு எல்லாம் வேணும். ஸ்டூலும் துண்டும் எந்த ஊர்லயும் கிடைக்கும். அதனால அடுத்த பேட்ச் போஸ்டர் உங்க கண்ணுல பட்டா எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க, இந்த மாதிரி ஷோ எல்லாம் கண்ணு சிமிட்டறதுக்குள்ள சீட்டு முடிஞ்சிடும். ரெண்டு சீட்டா சொல்லி வைங்க, மாமாவும் வருவார், போன தடவை வந்ததுல இருந்து அடுத்தது எப்பன்னு அவர்தான் கேட்டுக்கிட்டு இருக்கார்.